2,004 குழாய்களும் ஒரு மில் சங்கும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கோவையில் வாழ்ந்தவர்களுக்குக் கைக்கடிகாரம் ஓர் ஆபரணம் மட்டுமே. நேரத்தை மில் சங்குகள் சொல்லிவிடும். பீளமேட்டுச் சங்குக்கும் சிங்காநல்லூர்ச் சங்குக்கும் குரல் வேறுபாடு அறிந்த காதுகள் அன்று தெருவுக்குப் பத்துப் பேரிடம் இருந்தன. அடுப்பில் உலை ஏற்றுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்குக் கதவைத் திறந்து வைப்பதும் சங்கின் கணக்கில்தான் நடந்தன. எங்களில் ஒருவர் அப்படியோர் ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். மற்றவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர். ஆலை மூடப்பட்டது; இயந்திரங்கள் எடைக்குப் போயின; நிலம் மனைகளாயிற்று. சங்கு என்ன ஆனதென்று எங்களுக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்றுகூட நெடுங்காலம் தோன்றவில்லை.

தோன்றியது வேறொரு கண்டத்தில், ஓர் அணுவுலையின் முன் நின்றிருந்தபோது.

*

2019 கோடையில் சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அமெரிக்காவுக்குச் செல்லும் கோவைப் பெற்றோரின் நியதிப்படி நயாகராவைக் காட்டுவதாக அவன் சொன்னான். அவன் தாயார் வேறொன்றைக் கேட்டார். பல்லாண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அணுக்கருப் பிளவைக் கரும்பலகையில் வரைந்தே நடத்தியவர் அவர். ஓர் அணுவுலையை ஒருமுறையேனும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சியாட்டிலிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தென்கிழக்கே ரிச்லாண்ட் என்னும் சிற்றூர். அங்கிருந்து பேருந்தில் அழைத்துச் சென்று ஹான்ஃபோர்டின் பி உலையைக் காட்டினார்கள்.

காஸ்கேட் மலைத்தொடரைக் கடந்ததும் பச்சை சட்டென்று அறுந்துவிடுகிறது. பசிபிக் பெருங்கடலின் மழையை மலை தடுத்துக்கொள்ள, கிழக்கே காய்ந்த புதர்க்காடு விரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த நிலம் அயலாகத் தோன்றவில்லை. நடுவே கொலம்பியா ஆறு மட்டும் நிறைந்து ஓடுகிறது. 1942 டிசம்பரில் அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் இருந்தன: குளிர்ந்த ஆற்று நீர், கிராண்ட் கூலி அணையின் மின்சாரம், ஆள் நடமாட்டம் குறைந்த நிலம். 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகள் பெருகிய கதையை எங்கள் தலைமுறை மனப்பாடமாக அறியும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தைத் தொழில் தேடி வருவது உலக வழக்கம்தான் போலும்.

ஆனால் ஆளே இல்லாத நிலம் அன்று. ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ், ரிச்லாண்ட் ஆகிய ஊர்களில் பழத்தோட்டங்கள் வைத்துப் பிழைத்த ஏறத்தாழ 1,500 பேர் 1943இல் வெளியேற்றப்பட்டார்கள். எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதற்கும் முன்பிருந்தே குளிர்காலத்தை ஆற்றங்கரையில் கழித்து வந்த வானபம் பழங்குடியினரும் அப்புறப்படுத்தப்பட்டனர். பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று கூரையின்றி, சுவர் மட்டுமாக இன்றும் நிற்கிறது. பவானிசாகர் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் தலைகாட்டும் டணாயக்கன் கோட்டைக் கோயிலை நினைத்துக்கொண்டோம்.

*

வெளியிலிருந்து பார்த்தால் பி உலை அடுக்கிவைத்த சாம்பல் நிறப் பெட்டிகள்தாம். உள்ளே சென்று திரும்பியதும் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்று மாடி உயரத்துக்கும் மேலான ஒரு சுவர். அதில் வரிசை வரிசையாக 2,004 குழாய் முனைகள். அவற்றின் பின்னால் 1,200 டன் கிராஃபைட் செங்கற்கட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. அதனூடே செல்லும் அலுமினியக் குழாய்களில் யுரேனியத் துண்டுகளைத் தள்ளி, நிமிடத்துக்கு 75,000 கேலன், அதாவது ஏறத்தாழ 2,84,000 லிட்டர் ஆற்று நீரைப் பாய்ச்சினார்கள். யுரேனியம் பிளந்து சிதறும் நியூட்ரான்களைக் கிராஃபைட் மட்டுப்படுத்தும். அவற்றில் சிலவற்றை யுரேனியம்-238 விழுங்கி, நெப்டூனியமாகிப் பின் புளூட்டோனியமாகும். மின்சாரம் தயாரிக்க அல்ல. அந்தப் புளூட்டோனியத்துக்காக மட்டுமே இந்த உலை. முழு அளவில் கட்டப்பட்ட உலகின் முதல் அணுவுலை இது.

வழிகாட்டியாக வந்தவர் ஹான்ஃபோர்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர். 1944 செப்டம்பர் 26 இரவு என்ரிக்கோ ஃபெர்மியின் முன்னிலையில் உலை உயிர்பெற்றதையும், சில மணி நேரத்திலேயே காரணம் தெரியாமல் அதன் ஆற்றல் சரிந்து மறுநாள் மாலைக்குள் அணைந்தே போனதையும், பின்னர் தானாகவே மீண்டதையும் சொன்னார். அடுத்த வீட்டில் நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். பிளவில் உண்டாகும் அயோடின் சிதைந்து செனான்-135 ஆகிறது. அது நியூட்ரான்களைப் பேராசையோடு விழுங்கி வினையைத் தணித்துவிடுகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் என்பதால், அது சிதையச் சிதைய உலை மூச்சு விடுகிறது. இயற்பியலாளர்களின் கணக்குப்படி 1,500 குழாய்கள் போதும். கட்டிய டியூபாண்ட் நிறுவனத்தின் பொறியாளர்களோ, எதற்கும் இருக்கட்டும் என்று மூலைகளையும் நிரப்பி 2,004 ஆக்கியிருந்தார்கள். கூடுதலாக இருந்த 504 குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பித்தான் செனானை வென்றார்கள். 1986இல் செர்னோபில்லில் ஆற்றல் சரிந்த உலையில் இதே செனான் திரண்டிருந்தது. ஊழியர்கள் கட்டுப்பாட்டுத் தண்டுகளை அளவுக்கு மீறி வெளியே இழுத்ததும் அதனால்தான். எங்களில் ஆசிரியரானவர் கண்கலங்கிவிட்டார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன தனிமம் இந்தச் சுவரின் பின்னால் நடமாடியிருக்கிறது.

ஆலைக்காரரின் கண்கள் வேறிடத்தில் இருந்தன. கட்டுப்பாட்டு அறையில் குழாய்க்கு ஒன்றாக அழுத்தமானிகள் ஒரு சுவர் முழுக்கப் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் எண்ணும் துலக்கமாக இருந்தது, கண்ணாடிகளில் தூசியில்லை. ஐம்பதாண்டுகளுக்கு முன் எவரோ மேசையை விட்டு எழுந்து சென்றதுபோல் நாற்காலி இருந்தது. 'யார் துடைக்கிறார்கள்?' என்று கேட்டார். முதியவருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. உலையைப் பற்றிப் பேசியதைவிட அதிகமாக அதைக் காப்பாற்றியதைப் பற்றிப் பேசினார்.

*

பி உலை 1968 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஹான்ஃபோர்டில் இருந்த ஒன்பது உலைகளில் கடைசி உலை 1987இல் ஓய்ந்தது. அதன் பிறகு வந்த திட்டம் எளிமையானது. துணைக் கட்டடங்களை இடித்துவிட்டு, உலைக் கருவைச் சுற்றி எஃகுத் தகட்டால் மூடி, கதிரியக்கம் தணியும்வரை எழுபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு பெயர்த்தெடுத்துப் புதைப்பது. இந்த மூடும் பணிக்கு அவர்கள் வைத்த பெயர் கூடு கட்டுதல். உடுமலையிலும் கோபியிலும் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அறிவார்கள், கூட்டுக்குள் போன புழு வெளியே வருவதை நூல் எடுப்பவன் விரும்புவதில்லை என்று. 1998இல் சி உலை முதலில் மூடப்பட்டது. மற்றவை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன.

பி உலை மட்டும் தப்பியது. அங்கு வேலை செய்தவர்களும் ஊர்க்காரர்களும் 1991இல் 'பி அணுவுலை அருங்காட்சியகச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது; ஓய்வு பெற்றவர்களின் மாலைப் பொழுதுகள்தாம் மூலதனம். வரைபடங்களையும் ஆவணங்களையும் தேடினார்கள். உலையின் மாதிரிகளைச் செய்தார்கள். வேலை செய்தவர்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிந்தார்கள். அரசு அலுவலகங்களுக்கும் அரசியலாளர்களுக்கும் சலிக்காமல் எழுதினார்கள். 1992இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் உலை இடம்பெற்றது. 2008 ஆகஸ்டில் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2015 நவம்பரில் லாஸ் அலமோஸ், ஓக் ரிட்ஜ் ஆகியவற்றோடு சேர்ந்து மன்ஹாட்டன் திட்டத் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியானது. சங்கம் தொடங்கியதிலிருந்து சின்னமாகும்வரை பதினேழு ஆண்டுகள். தொடங்கியவர்களில் பலர் அப்போதே முதியவர்கள்.

நம் நாட்டில் இத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. மும்பை மலபார் குன்றில் ஹோமி பாபா வாழ்ந்த மெஹ்ரான்கீர் இல்லம் 2014இல் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது, அதை அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று அணுசக்தித் துறை ஊழியர்கள் சிலர் நீதிமன்றம்வரை சென்றார்கள். அறிவியலாளர்களும் குரல் கொடுத்தார்கள். 2016இல் வீடு இடிக்கப்பட்டது. டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா, நம் முதல் அணுவுலை, 2009இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் 2018 முதல் மேம்படுத்தப்பட்ட புதிய அப்சரா இயங்குகிறது. ஆராய்ச்சிக்கு அது நல்லதே. பொதுமக்கள் சென்று பார்க்கும் இடமாகப் பழையது மிஞ்சவில்லை என்பதும் உண்மையே.

*

இத்துடன் நிறுத்தியிருந்தால் இது ஒரு பாராட்டுக் கட்டுரையாகியிருக்கும். உலையைச் சுற்றி வந்தபோது எங்கள் இருவருக்கும் இடையே ஒரு மௌனம் விழுந்தது. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோப் பாலைவனத்தில் வெடித்த முதல் குண்டுக்கும், ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்த குண்டுக்கும் புளூட்டோனியம் ஹான்ஃபோர்டிலிருந்துதான் சென்றது. நாகசாகிக் குண்டில் இருந்தது ஆறு கிலோவுக்குச் சற்று மேல். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 70,000 பேர். உலையின் சொந்த ஊரிலும் காயம் உண்டு. காற்றில் விடப்பட்ட கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தைகளின் தைராய்டுக்குச் சென்றது. 1986இல் ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்கள் வெளியாகும்வரை அக்கம்பக்கத்து உழவர்களுக்கு அது தெரியாது. இன்றும் 177 நிலத்தடித் தொட்டிகளில் கோடிக்கணக்கான லிட்டர் கழிவு கிடக்கிறது. ரிச்லாண்டின் உயர்நிலைப் பள்ளிக்கோ காளான் மேகமே சின்னம். அதன் விளையாட்டு அணியின் பெயர் 'பாம்பர்ஸ்'.

முதியவர் இவற்றை மறைக்கவில்லை. ஆனால் குழாய்களைப் பற்றிச் சொன்னபோது இருந்த வேகம் அப்போது அவர் குரலில் இல்லை. அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தன் கையால் தொட்ட இயந்திரத்தை ஒருவர் நேசிப்பது இயல்பு. அந்த நேசம் இல்லாவிட்டால் பதினேழு ஆண்டுகள் யாரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் காப்பாற்றியவரின் நினைவு மட்டுமே காப்பாற்றப்பட்ட இடத்தின் முழு நினைவாகிவிட முடியாது. நாகசாகியில் தாயை இழந்தவருக்கும், ஒயிட் பிளஃப்ஸில் தோட்டத்தை இழந்தவருக்கும் அந்தச் சுவரில் பங்கு உண்டு. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் தன் கரையில் வைத்திருக்கிற, இடிந்தகரைப் போராட்டத்தைக் கண்ட தமிழகத்துக்கு இது தூரத்துச் செய்தியன்று. அந்த உலைகளும் ஒருநாள் ஓயும். அன்று அவற்றின் கதையை யார், யாரைச் சேர்த்துக்கொண்டு சொல்லப்போகிறார்கள்?

இப்படியெல்லாம் திரும்பும் வழியில் காரில் பேசிக்கொண்டு வந்தோம். அப்போது பேச்சு எளிதாக இருந்தது. பேசியது அடுத்தவர் ஊரைப் பற்றி.

*

ஊர் திரும்பியதும் ஆலைக்காரர் பரணில் எதையோ தேடினார். இரண்டு சாக்கு மூட்டைகள். ஆலை மூடியபோது குப்பையில் எறியப்பட்ட ஷிப்ட் குறிப்பேடுகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். எந்த ரிங் ஃபிரேம் எப்போது நின்றது, என்ன பழுது, யார் சரிசெய்தார், யார் தாமதமாக வந்தார், யாருக்கு விரல் அடிபட்டது எனப் பல ஆண்டு விவரங்கள் அவற்றில் இருந்தன. மூட்டைகள் அங்கு இல்லை. வீடு மாறியபோது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. யார் போட்டது என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எஞ்சியிருப்பது ஆட்களின் நினைவுதான் என்று தேற்றிக்கொண்டு, பழைய தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பேசுவதைக் கைப்பேசியில் பதியத் தொடங்கினோம். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப?" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. ப்ளோ ரூமில் மூக்கை அடைத்த பஞ்சுத் தூசி, அதனால் வந்த ஓயாத இருமல், 1946இல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வரைப் பற்றி அப்பாக்கள் சொன்ன கதை, தீபாவளி போனஸ், ரிங் ஃபிரேமின் ஒரு குறிப்பிட்ட இரைச்சல் மாறினாலே எங்கே பழுது என்று சொல்லிவிடும் காது. சங்கைப் பற்றியும் கேட்டோம். இயந்திரங்களோடு சேர்த்து அதையும் லாரியில் ஏற்றியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

ஏழாவதாகச் சந்தித்தவர் ரீலிங் பிரிவில் வேலை செய்த அம்மையார். காப்பி கொடுத்தார், பேரப்பிள்ளைகளைக் காட்டினார். கைப்பேசியை முன்னால் வைத்ததும் நேராக ஆலைக்காரரைப் பார்த்தார்.

"அன்னிக்கு எம் பையனுக்குக் காச்சலுங்க. அரை மணி நேரம் பொறகால வந்தேன். நீங்கதானுங்க அரை நாள் கூலிய வெட்டுனீங்க. மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை, தேதி சொல்வதுபோல் சொன்னார். ஆலைக்காரருக்கு நினைவில்லை. அப்படி எத்தனை பேருக்கு வெட்டியிருப்பார் என்பதற்கும் கணக்கில்லை. "நீங்க எழுதுன புக்குல இருக்கும், பாருங்க" என்றார் அம்மையார். புத்தகம் இல்லை என்பதை நாங்கள் அவரிடம் சொன்னோம். எடைக்குப் போட்டதையும் சொன்னோம். "அப்ப நாஞ் சொல்லறதுதான் மிச்சம்" என்று சிரித்தார்.

அன்றிரவு ஆலைக்காரர் அந்தப் பகுதியை மட்டும் அழித்துவிடலாமா என்று கேட்டார். ஆலையின் கதைக்கு அது முக்கியமில்லை, தனிப்பட்ட விஷயம் என்றார். ஆசிரியர் பதில் சொல்லாமல் ஹான்ஃபோர்டில் எடுத்த படத்தைக் காட்டினார். அழுத்தமானிகளின் சுவர். முதியவரின் குரல் தணிந்த இடத்தை இருவரும் நினைத்துக்கொண்டோம். பதிவு அப்படியே இருக்கிறது. இப்போது பதினொரு பேரின் குரல் சேர்ந்திருக்கிறது. ஏழாவது குரலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் எழுந்து வெளியே சென்றுவிடுகிறார். ஆனால் அழிக்கச் சொல்வதில்லை.

ஹான்ஃபோர்டு செல்ல விரும்பும் நண்பர்கள் உலை அப்போது திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்லவும்; பராமரிப்புக்காக மூடப்படுவதும் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் உள்ள நண்பர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவின் மில் டோக்கனோ, கூலிச் சீட்டோ, தொழிற்சங்கச் சந்தா ரசீதோ, பழைய குறிப்பேடோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் மில்லுக்குப் போனவர் யாரேனும் இருந்தால் ஒரு மாலையேனும் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் கீழே வேலை செய்தவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள்.